முகம், தட்டு, கால்

பிப்ரவரி 3, செவ்வாய்

கணக்கு டீச்சர் என்னை வெளியே நிறுத்திவிட்டார். அவர் குரலிலேயே அவருக்கு வணக்கம் சொன்னேன், அவ்வளவுதான். வெளியே நிற்பது எனக்குப் புதிதல்ல. அந்தச் சுவரில் என் முதுகு படும் இடம் மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அப்பா போனில். வெளிநாட்டில் தனியாக இருக்கும் எங்கள் தாத்தாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றோடு பேசிக்கொண்டிருந்தார். தாத்தாவை இங்கே கூட்டி வர விசா தர மாட்டேன் என்கிறார்கள். அப்பா அங்கே போய் உட்கார முடியாது. அவர் வேன் ஓட்டினால்தான் இங்கே அடுப்பு எரியும். கம்பெனிக்காரர் தொகையைச் சொன்னதும் அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தார். வீடு விற்கிற கம்பெனிக்குப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

குறைத்துக் கேட்டால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருவார்களாம்.

"மத்த நாள் தாத்தாவுக்கு லீவா?" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ரொட்டி வாட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 5, வியாழன்

தாத்தா அடுப்பை அணைக்காமல் தூங்கிவிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அப்பா சாப்பிடவில்லை. நான் இன்று ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அடிக்க வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போய் அப்பாவோடு திரும்பி வந்தார். அதாவது, இன்னொருவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் யோசனையோடு.

சலூன்காரருக்குக் கத்தரியைவிட வாய் வேகம். அவரிடம் முடி வெட்டிக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இந்த ஊரில் தனியாக இருக்கிறார். ஓட்டலில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். நுரையீரல் சரியில்லை, விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய ஒரே மகன் எங்கள் தாத்தா இருக்கும் ஊரிலேயே வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

"உங்க அப்பா அவன் ஊர்ல. அவன் அப்பா உங்க ஊர்ல. ஆளுக்கொரு அப்பாவை மாத்திப் பாத்துக்க வேண்டியதுதானே சார்? கம்பெனி எதுக்கு?" என்றாராம். பாதி வெட்டிய தலையோடு அப்பா எழுந்தே விட்டாராம். மீதிப் பாதியைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பண்டமாற்று படித்தோம். இது தாத்தாமாற்று.

மாலை அந்த மெக்கானிக் மாமா ஸ்பீக்கரில் பேசினார். தினமும் இரு பக்கமும், இரண்டு வீட்டாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், ஒரு சின்ன வீடியோ அனுப்ப வேண்டும். அதில் மூன்று தெரிய வேண்டும்: முகம், தட்டு, கால்.

"முகம் சரி. தட்டு, சாப்பிட்டாரான்னு பாக்க. கால் எதுக்கு மாமா?"

"வாழ்நாள் பூரா நின்ன காலும்மா. உடம்புல நீர் சேந்துச்சுன்னா முதல்ல அங்கதான் வீங்கும். வீங்கினா அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். நான் இங்க இருந்து பாக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்."

எங்கள் பக்கத்து முறை: காலையில் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போகிற வழியில் சாப்பாட்டுப் பையை அவர் கதவில் மாட்டிவிட்டுப் போவாள். சனி, ஞாயிறு அப்பா. பள்ளி நாட்களில் மாலை நான். சாப்பாட்டைச் சூடாக்கு, மாத்திரை கொடு, வீடியோ எடுத்து அனுப்பு.

"உன்னை நம்பித்தான்," என்றார் அப்பா. என்னிடம் இதைச் சொன்ன முதல் ஆள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லிஃப்ட் தாத்தாவுக்கு மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான் இட்டுக்கட்டவில்லை.

சாவி போட்டுத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல்: "மேலயா, கீழயா?"

"உள்ள."

"அந்த பட்டன் இல்ல."

ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே அறை. பீரோ அளவுக்கு ஒரு சமையல் மூலை. ஜன்னல் பக்கம் நாற்காலி. சுவரில் உயரமாக ஓர் ஆணி, அதில் தங்கக் கயிறு வைத்த சிவப்புத் தொப்பி, ஓட்டலில் போட்டிருந்தது. சாப்பாடு சூடு பத்தலையாம். மாத்திரை பெரிசாம். நான் நடக்கும்போது தரை அதிருதாம். வீடியோவுக்கு போலீஸ் போட்டோ மாதிரி முறைத்தார்.

"சிரிங்க தாத்தா."

"எதுக்கு? பல்லைக் காட்டினா பல்லு முளைக்குமா?"

பிப்ரவரி 12, வியாழன்

அங்கிருந்து வரும் வீடியோவில் எங்கள் தாத்தா முகம் முழுக்க நுரை. மெக்கானிக் மாமா இரண்டு விரலால் அவர் மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்து மீசைக்கு மேலே சிரைக்கிறார். வண்டி மையேறிய விரல்கள்தான், ஆனால் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நகத்தோரம் சிவந்திருந்தன. அப்புறம் காலி தட்டு. அப்புறம் கால், விரலிடுக்கு வரை துடைத்தது.

அப்பா திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். குழாய்ச் சத்தத்துக்குள் அப்பா அழுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அப்புறம் போனில், "ஏதாவது குறை உண்டாப்பா?"

"ஒரு குறையும் இல்லடா. தங்கமா பாத்துக்கறாங்க." தாத்தா இவ்வளவு நல்லவராக இருந்து நான் கேட்டதே இல்லை. முன்பெல்லாம் காப்பி ஆறினால் ஊரைக் கூட்டுவார்.

பிப்ரவரி 20, வெள்ளி

பள்ளி ஆண்டு விழாவில் எனக்குத் தனி நிகழ்ச்சி! எல்லா டீச்சர் குரலும் நான்! கணக்கு டீச்சரே என் பெயரைக் கொடுத்தாராம். ஒத்திகை திங்கள் தவிர தினமும் மாலை.

மாலை. ம்ம்.

வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் கேள்வியே கேட்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

என் வாழ்க்கையின் மிகச் சிறந்த யோசனை இன்று மாலை உதித்தது. லிஃப்ட் தாத்தாவிடம் ஐந்து சட்டை இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து வீடியோ. அப்புறம் என்ன?

"தாத்தா, இன்னிக்கு நாம சினிமா எடுக்கறோம். இது திங்கள். இப்ப நீலச் சட்டை மாத்துங்க, இது செவ்வாய்."

முதலில் முறைத்தார். பிறகு விஷயம் புரிந்து, தோள் குலுங்கச் சிரித்தார். புதன்கிழமைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். வியாழனுக்கு அவரே, "தலையை வேற பக்கம் சீவட்டுமா?" என்றார். தலையில் சீவ இருந்தது அரை டஜன் முடி. வெள்ளிக்கிழமைச் சட்டையில் எனக்கு வணக்கம் வைத்து, "நல்ல வாரம்!" என்றார். தட்டு ஒன்றுதான். திருப்பித் திருப்பிக் கழுவினேன்.

இருட்டும் வரை இருந்தேன். அவ்வளவு நேரம் அங்கே இருந்ததே இல்லை.

"சாப்பாட்டை நீங்களே சூடு பண்ணிப்பீங்கல்ல? மாத்திரை டப்பால போட்டு வெச்சுட்டேன்."

"நீ ஆடப் போ. நான் சொல்ல மாட்டேன்."

"ஆடறது இல்ல, குரல் மாத்தறது."

"ஏதோ ஒண்ணு மாத்து."

பிப்ரவரி 27, வெள்ளி

திட்டம் அமோக வெற்றி. தினமும் ஒத்திகை நடுவில் ஒரு வீடியோவைத் தட்டிவிட்டேன். மெக்கானிக் மாமா தினமும் கைகூப்பும் படம் அனுப்பினார். அம்மா, "பரவால்ல, பொறுப்பு வந்துடுச்சு," என்று அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தேன்.

மார்ச் 2, திங்கள்

இரண்டாம் வாரப் படப்பிடிப்பு. இன்று நடிகர் கொஞ்சம் மந்தம். சட்டை மாற்ற நேரம் எடுத்தார். சவரம் செய்யும்போது தாடையை வெட்டிக்கொண்டு, ரத்தம் நிற்கச் செய்தித்தாள் துணுக்கு ஒன்றை ஒட்டியிருந்தார்.

"கால் கனமா இருக்கு."

"நாளைக்குப் பாக்கலாம் தாத்தா," என்றேன். என் நாளை ஏற்கெனவே போனுக்குள் இருந்தது. அவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அந்தச் சிவப்புத் தொப்பியைக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்க. பிரஷ் போட்டு வைக்கறேன். தூசியோட மேடையேறக் கூடாது."

மார்ச் 4, புதன்

ஒத்திகையில் தலைமையாசிரியரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேறொன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதணும். எழுதலன்னா நாளைக்கு நானே வேற மாதிரி சொல்லிக்குவேன்.

ஒத்திகை முடிந்ததும் தொப்பி வாங்கப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்தபடி வெள்ளிக்கிழமை வீடியோவை அனுப்பினேன். கோடு போட்ட சட்டை. "ஜோரா இருக்கேன்!" என்று அவர் சிரிக்கிறது. மாமாவிடமிருந்து கைகூப்பும் படம் வரவில்லை. கவனித்தேன். கவலைப்படவில்லை.

மூன்றாவது மாடி. அம்மா காலையில் மாட்டிய பை அப்படியே கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

திறந்தேன். குரல் வரவில்லை. நான்தான் கேட்டேன், அவர் குரலில், விளையாட்டாக: "மேலயா, கீழயா?"

"கீழ," என்று பதில் வந்தது.

ஆணிக்கு நேர் கீழே தரையில் கிடந்தார். காலையில் தொப்பியை எடுக்க எக்கினாராம். கால் நிற்கவில்லையாம். அப்போதிலிருந்து அங்கேயே. தொப்பியைத் தலைக்கு அடியில் வைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. போர்வையை இழுக்கப் பார்த்திருக்கிறார், எட்டவில்லை.

கால் — அது காலே இல்லை. செருப்பு வார் உள்ளே புதைந்திருந்தது.

நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணேனா, அம்மாவுக்கு முதல்ல பண்ணேனா, ஞாபகம் இல்ல. அவர் என்னைப் பார்த்து, "பிரஷ் போட முடியலம்மா," என்றார். சாரி கேக்கறார். என்கிட்ட.

மார்ச் 7, சனி

இன்று ஆண்டு விழா. போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கணுக்காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, மாவில் அழுத்தினது மாதிரி.

"எப்ப இருந்து வீக்கம்?"

"முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இதோ பாருங்க, வீடியோவே இருக்கு," என்று அம்மா போனை நீட்டினாள். எவ்வளவு நம்பிக்கையோடு நீட்டினாள்.

நர்ஸ் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். வீக்கம் நேற்றுத்தான் வந்தது என்று. அதை வைத்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

"அது திங்கக்கிழமை எடுத்தது," என்றேன்.

"எது?"

"எல்லாமே."

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அம்மாவும் திட்டவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "நானும் தினமும் அந்தக் கதவு வரைக்கும் போனேன். ஒரு நாள் தட்டியிருக்கலாம்," என்றாள். அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

உயிருக்குப் பயமில்லை. இதயம் சோர்ந்துபோய் உடம்பில் நீர் கட்டியிருக்கிறது. அதை இறக்க மருந்து ஏறுகிறது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா மெக்கானிக் மாமாவுக்கு விவரம் சொன்னார். நான் பக்கத்தில்.

"வெள்ளிக்கிழமை வீடியோல நல்லாத்தானே இருந்தாருண்ணே?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா தம்பி. திடீர்னு வந்துடுச்சு."

அந்தப் பக்கம் கடை ஷட்டரை இறக்கும் சத்தம். பிறகு, "சரிண்ணே. நீங்க கூட இருக்கீங்க. எனக்கு என்ன கவலை."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வேன் தாமதமானால்கூட, போக்குவரத்து நெரிசல் என்று சொல்லத் தெரியாமல் தூங்கிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்குகிறவர். ஏன்பா என்று கேட்டேன்.

"என்ன சொல்லச் சொல்ற? உன் அப்பா தரையில கெடந்தாரு, என் பொண்ணு சினிமா எடுத்தான்னா? எங்கப்பா அவன் கையில இருக்காரு. தினமும் கழுத்துல கத்தி வெச்சு சிரைக்கறான்மா அவன்."

சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே கூசிப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலை அங்கிருந்து வீடியோ வழக்கம்போல வந்தது. மூக்கை மெல்லத் தூக்கிப் பிடித்த இரண்டு விரல். காலி தட்டு. துடைத்த கால். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளிலும்.

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். குழாயைத் திறக்கப் போகவில்லை. அதற்குக்கூடத் தகுதியில்லை என்பது போல உட்கார்ந்திருந்தார். என்னால் அல்லவா.

மார்ச் 10, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரி. முகம், தட்டு, கால் மூன்றையும் உள்ளபடி எடுத்து அனுப்பினேன். மூக்கில் குழாய். தட்டில் பாதிச் சாப்பாடு மீதி. காலில் இன்னும் வீக்கம், அழுத்திக் குழியையும் காட்டினேன்.

உடனே மாமா கூப்பிட்டார். என்னை, நேராக. இதுவரை கூப்பிட்டதில்லை. வராந்தாவுக்கு ஓடினேன்.

"பாப்பா, கால் பரவால்லையா? டாக்டர் என்ன சொன்னாரு?" எல்லாம் விசாரித்தார். கடைசியில், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், "தாடையில ஒட்டியிருந்த பேப்பரை எடுத்துட்டாங்களாம்மா?" என்றார்.

அந்த வீடியோக்களை மனதில் திரும்ப ஓட்டினேன்.

சட்டையை மாற்றினேன். நாற்காலியைத் திருப்பினேன். தலையை வேறு பக்கம் சீவினேன். தாடையில் இருந்த செய்தித்தாள் துணுக்கு ஐந்து நாளும் அதே இடத்தில், அதே பொட்டு ரத்தத்தோடு.

"எப்ப தெரிஞ்சுது மாமா?"

"புதன்கிழமை சந்தேகம். வியாழக்கிழமை நிச்சயம். அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பொண்ணு தினமும் வருதுடான்னாரு. உன்னை விட்டுக்குடுக்கல."

"எங்க அப்பாகிட்ட கேட்டிருக்கலாமே."

பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம்.

"கேட்டு, உங்களுக்குக் கோவம் வந்து, வேணாம்னு விட்டுட்டீங்கன்னா? எனக்கு அங்க வேற யாரும்மா இருக்கா? பாதி நாளாவது யாரோ பாக்கறாங்கன்னு இருந்துட்டேன். தப்பு என் பேர்லயும்தான்."

என் பேரில் இருக்கிற தப்பில் அவர் பங்கு கேட்கிறார். என்னிடம் எந்தக் குரலும் இல்லை, என் குரலே இல்லை. "மாமா மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று உறைத்தது. ஒரு குறையும் இல்லடா, தங்கமா பாத்துக்கறாங்க. காப்பி ஆறினால் ஊரைக் கூட்டுகிற எங்கள் தாத்தா. அவரும் பயந்துதான் அப்படிச் சொல்கிறாரா?

மார்ச் 11, புதன்

அப்பாவிடம், மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அப்பா வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே போன் போட்டார். "தம்பி, நான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். மீதியை நான் கேட்கவில்லை, இறங்கி வெளியே நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"மாமா, இனிமே வீடியோல நாலாவதா ஒண்ணு வேணும். தினமும் ஒரு குறை."

"குறையை எப்படிம்மா காட்டறது?"

"வாயாலதான். ரெண்டு தாத்தாவும் தினமும் ஒரு குறை சொல்லியே ஆகணும். சொல்லலன்னா அந்த வீடியோ செல்லாது."

சிரித்தார். பதினைந்து வயதில் நான் சிரிக்க வைத்தவர்கள் ஏராளம். இவரைச் சிரிக்க வைத்ததற்குத்தான் பெருமைப்படத் தோன்றவில்லை.

மார்ச் 14, சனி

லிஃப்ட் தாத்தா வீடு திரும்பினார். அப்பாவும் சலூன்காரரும் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி ஏற்றினார்கள். ஒவ்வொரு மாடியிலும் அவர் மாடி எண் சொன்னார். சலூன்காரர் மூச்சு வாங்கியதில் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் இருந்தார்.

அம்மா இப்போது பையைக் கதவில் மாட்டுவதில்லை. உள்ளே போய்க் கொடுத்துவிட்டு, ஓடிப் போய் பஸ் பிடிக்கிறாள்.

மார்ச் 18, புதன்

எங்கள் தாத்தாவுக்கு மூன்று நாளாகக் குறையே வரவில்லை. இன்று வந்தது. பாதி நுரையோடு, கத்தியைக் கையால் நிறுத்திவிட்டு: "இவன் சிரைக்கும்போது பாடறான்டா. சகிக்கல. கத்தி பட்டாக்கூடத் தாங்கிக்கலாம்." பின்னால் மெக்கானிக் மாமா வீட்டு அத்தை, "நானும் அதைத்தான் சொல்றேன்!" என்பது கேட்டது.

அப்பா அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். குழாய் இன்று நெடுநேரம் ஓடியது.

மார்ச் 27, வெள்ளி

ஆஸ்பத்திரி மருந்துக்கு லிஃப்ட் தாத்தாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. தினமும் அழுத்திப் பார்க்கிறேன். குழி நிற்கவில்லை. இருந்தாலும் விரலை எடுத்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தொப்பி இப்போது எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது. நான் அதைத் தொடுவதில்லை.

கேமராவைப் பார்த்து முறைத்தார். தட்டைக் காட்டினார். காலைக் காட்டினார்.

"குறை, தாத்தா."

யோசிக்கவே இல்லை. "இந்தப் பொண்ணு வந்த வேகத்துல கிளம்பிடறா. அஞ்சு சட்டை மாத்தின அன்னிக்கெல்லாம் எவ்வளவு நேரம் இருந்தா தெரியுமா?"

அந்த இரண்டு திங்கட்கிழமைகளும் அவருக்கு என்னவாக இருந்தன என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. எனக்கு அவை வேலை மிச்சம்.

வீடியோவின் கடைசிப் பகுதியை வெட்டுவது திரையில் ஒரு தட்டு வேலை. வெட்டத் தெரியாதவள் இல்லை நான். அப்பா, அம்மா, மாமா, அங்கே எங்கள் தாத்தா எல்லோரும் பார்ப்பார்கள். அப்படியே அனுப்பினேன்.

மாமாவிடமிருந்து கைகூப்பும் படம் வரவில்லை. "அப்பா கடுப்பா இருக்காரு. நல்லா இருக்காரு" என்று எழுதியிருந்தார்.

அதைப் படிக்கும்போது நான் வாசலில் செருப்பு மாட்டியாகிவிட்டது. கழற்றினேன். கதவை மறுபடி திறந்தேன்.

"மேலயா, கீழயா?"

"இப்பத்தானே கேட்டீங்க."

"ஆள் இறங்கி ஏறினா திரும்பக் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்க நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு எனக்கு இடம் விட்டார்.